கவுந்த சீட்டைத் திருப்பப்பிடாது

கொஞ்சம் நீங்கி இருங்க சாரே. பையை மடியில வச்சுக்கிடுங்க. நானும் டிக்கெட்டு எடுத்தவன்தான், எனக்கும் இருக்கணும்லா. ஆங், போதும். இந்தப் பொதியா? பேப்பர் நனஞ்சிருக்கது மழைத்தண்ணி. வேற ஒண்ணுமில்ல.

நீங்க நாகர்கோவிலுக்குத்தானே போறிய? சொல்லாண்டாம், எனக்குத் தெரியும். எப்படித் தெரியும்னு கேளுங்க. குலசேகரத்துல ஏறினதும் செருப்பைக் கழத்தி சீட்டுக்கு அடியில தள்ளினிய. பக்கத்துல இறங்குதவன் செருப்பைக் கழத்த மாட்டான். இப்படித்தான் நான் ஆளைப் படிக்கது. பள்ளிக்கூடத்துல ஆறு தாண்டல்ல. ஆனா மனுசனுக்க மனசை இந்தச் சத்தியதாசு படிக்க மாதிரி ஒரு டாக்டரும் படிக்க மாட்டான்.

நான் வில்லுக்குறியில இறங்குவேன். பெண்டாட்டியைக் கூட்டிட்டு வரப் போறேன். லில்லிபாய்னு பேரு. அவ தம்பி எட்வினுக்க வீட்டுல போய் இருக்கா. வரமாட்டேன்னு ஆள் மூலமா சொல்லி விட்டிருக்கா. வருவா. ஒரே ஒரு கை சீட்டு ஆடினாப் போதும், வந்திருவா. இதோ சட்டைப் பையில சீட்டுக்கட்டு இருக்கு பாருங்க.

சிரிக்காதீங்க. இல்ல, நீங்க சிரிக்கல்ல, ஒங்க வாய் ஒரு மாதிரி போச்சு. பரவாயில்ல.

நான் ரப்பர் எஸ்டேட்டுல பால்வெட்டுக்காரன். மழைக்காலம் வந்தா பால்வெட்டு கிடையாது. பட்டை நனஞ்சா பால் சிரட்டைக்கு வராது, மரத்தோட ஒழுகிப் போகும். அப்போ நாங்க ஷீட்டு அடிக்க ஷெட்டுல கூடுவோம். காசு வச்சு ஆடினா மேனேஜர் வேலைச் சீட்டைக் கிழிச்சிருவாரு, அதனால ரப்பர்க் கொட்டைய வச்சு ஆடுவோம். மூணு சீட்டுதான். ஆளுக்கு மூணு சீட்டு, நடுவுல கொட்டை. கையில நல்ல சீட்டு உள்ளவன் கூட்டிக்கிட்டே போவான். பயந்தவன் கவுத்திட்டு விலகிருவான். எல்லாவனும் கவுத்திட்டா மிஞ்சினவன் சீட்டைக் காட்டாண்டாம், மொத்தக் கொட்டையும் அவனுக்கு. இதுல கையில என்ன இருக்குங்கது காரியமே இல்ல சாரே. உன் கையில என்ன இருக்குன்னு எதுத்தவன் நெனைக்கான், அதுதான் காரியம். பயந்தவன் கவுத்துவான். அவ்வளவுதான் ஆட்டம்.

கொட்டை தீந்தவனுக்குக் காதுல சிரட்டை. மரத்துல பால் பிடிக்கக் கம்பியோட கட்டியிருக்கும்லா, அதே சிரட்டைய காதுல தொங்கவிட்டுக்கிட்டு எஸ்டேட்டு லைன் வீட்டு வரிசை வழியா வீட்டுக்கு நடக்கணும். மறுநாள் ஆட்டத்துக்கு வாறது வரைக்கும் கழத்தப்பிடாது. பெண்டு பிள்ளைய எல்லாம் பாக்கும். காசு போனா ஒரு மாசத்துல மறக்கும். சிரட்டை கெட்டினவனை லைன்ல ஒருத்தரும் மறக்க மாட்டாவ.

எனக்க வித்தைய ஒங்களுக்கு வேண்டி சொல்லித்தாறேன். வேற ஆருக்கும் சொல்லாதீங்க. நல்ல சீட்டு வந்தவனுக்கு உடனே பீடி ஞாபகம் வரும். கையில ஒண்ணும் இல்லாதவனுக்கு வாய் நீளும், இல்லாத கதையெல்லாம் சொல்லுவான். பயந்தவன் எச்சில் முழுங்குவான், கால் பெருவிரல் மடங்கும். மொகத்தைப் பாக்கப்பிடாது, மொகம் கள்ளம் சொல்லும், காலைப் பாக்கணும். பொறவு அவனுக்க அம்மையைப் பத்தித் தப்பா எதாவது சொல்லணும். கோவம் வந்தவன் கணக்கை விட்டிருவான். கடைசியா, பால்வெட்டுக் கத்திய எடுத்து கொட்டைக்குப் பக்கத்துல வைக்கணும். மிரட்டதுக்கு இல்ல சாரே, பாக்கு சீவதுக்கு. ஆனா அதை வைக்கும்போது அவனுக்க கண்ணு எங்க போகுதுன்னு நாம பாக்கணும். அதுதான் சைக்காலஜி. எட்வின்தான் அந்த வார்த்தையச் சொன்னான், பிளஸ் டூ படிச்சவன். 'அத்தான், ஒங்களுக்கு நல்ல சைக்காலஜி'ன்னு சொல்லிட்டு அங்கோட்டுத் திரும்பிக்கிட்டான்.

மரத்துல பட்டையை எவ்வளவு சீவணும்னு ஒரு அளவு உண்டு. கூடச் சீவினா காயம்பட்டு மரம் கெட்டுப்போகும், குறையச் சீவினா பால் வராது. மனுசனும் அப்படித்தான்.

ஒரு சட்டம் மட்டும் நான் வச்சேன். கவுந்த சீட்டைத் திருப்பப்பிடாது. எவன் கவுத்தினாலும் கவுத்தினதுதான், எடுத்துப் பாக்கப்பிடாது. அது தோத்தவனுக்க மானத்துக்கு வேண்டி. முன்ன மரியசெல்வம்னு ஒருத்தன் கூட ஆடுவான். ஒருநாள் நான் கவுத்தின சீட்டைத் திருப்பிப் பாத்துட்டு, 'இந்தக் குப்பையையா வச்சுக்கிட்டு இவ்வளவு நேரம் முறைச்சீரு?'ன்னு கேட்டான். ஒரே அடிதான் சாரே, பால் வாளியால. எடது காது இப்பவும் கேக்காதுன்னு சொல்லுதாவ. சீட்டுக்கு வேண்டி நான் ஆரையும் அடிச்சது கிடையாது. அது மரியாதைக்கு வேண்டி. ஆனா ஒண்ணு, அதுக்குப் பொறவுதான் எனக்க ஆட்டம் தெளிஞ்சுது. அந்த மழைக்காலத்துலேருந்து ஒருத்தனும் என்னை ஜெயிச்சதில்ல. எல்லாம் பழக்கம்.

வீட்டுல லில்லிகூடயும் ஆடுவேன். பழக்கம் விடப்பிடாதுல்லா. அவளுக்குச் சீட்டு வராது. எடுப்பா, பாப்பா, கவுத்துவா. அவ காதுல துணி கிளிப்பை மாட்டி விடுவேன், அதோட சோறு பொங்குவா. நல்ல சந்தோசமா இருந்தோம்.

இந்த மழைக்காலத்துலதான் சனியன் வந்துது. வெள்ளறடையிலேருந்து சுகுமாரன்னு புதுசா ஒரு பால்வெட்டுக்காரன். மெலிஞ்ச ஆளு, பேசமாட்டான். ஷெட்டுல நான், எட்வின், கிழவன் குஞ்ஞுமணி, மூணு பேரும் இருக்கோம். இவன் வந்து, 'ஞானும் இருக்கட்டா அண்ணா?'ன்னு கேட்டான். இரிலேன்னு சொன்னேன்.

எட்வின் கவுத்திட்டான். குஞ்ஞுமணி கவுத்திட்டான். இவன் கவுத்தல்ல. நான் கொட்டையைக் கூட்டினேன், அவனும் கூட்டினான். அவனுக்க அம்மையைப் பத்திச் சொன்னேன். 'அம்மை செத்துப்போச்சு அண்ணா'ன்னு சொன்னான். கத்திய எடுத்து வச்சேன். அதைக் கையில எடுத்து, கத்தி வாயைத் தடவிப் பாத்து, 'நல்ல கூரு. எங்க அடிச்சது?'ன்னு கேட்டான். எனக்கு ஒருமாதிரி ஆயிப்போச்சு சாரே. இருந்த கொட்டை அவ்வளவையும் நடுவுல தள்ளினேன். அவனும் தள்ளிட்டு, காட்டுங்கன்னு சொன்னான்.

எங்கிட்ட ஏழு, நாலு, ரெண்டு. அவன்கிட்ட ஒரு ஜோடி அஞ்சு. அஞ்சு. அதுக்கு ஒரு மதிப்பு உண்டா? அதை வச்சுக்கிட்டு ஒருத்தன் பயப்படாம இருக்கான்னா அவனுக்கு அறிவு இல்லன்னு அர்த்தம். அறிவு இல்லாதவன்கிட்ட சைக்காலஜி எடுபடாது.

குஞ்ஞுமணி சிரிச்சிட்டான். கிழவன் சிரிச்சு நான் அதுவரை கேட்டதில்ல. அவனுக்கு முன்பல்லு ரெண்டு போச்சு. அது சீட்டுக்கு வேண்டி இல்ல, சிரிச்சதுக்கு வேண்டி.

சட்டம்னா சட்டம். நானே சிரட்டையை எடுத்துக் காதுல மாட்டினேன். லைன் வழியா நடந்தேன். ஒரு சின்னச் சத்தம் கிடையாது, வாசல்ல நின்ன பெண்ணுங்க எல்லாம் உள்ள போயிட்டாவ. அது எனக்கு இன்னும் வெப்ராளமா இருந்துது. சிரிச்சிருந்தா ரெண்டு போடு போட்டுட்டுத் தூங்கியிருப்பேன். வீட்டுல லில்லி கதவைத் திறந்தா. சிரட்டையைப் பாத்தா. அவ சிரிக்கல்ல, அதை நான் கோர்ட்டுலயும் சொல்லுவேன். ஆனா அவ கண்ணுல ஒண்ணு வந்துது. சந்தோசம் சாரே. ஒரு நொடிதான். நான் படிச்சிட்டேன்.

அவ நெத்தி கதவு நிலையில இடிச்சுது. எனக்க கை அவ முடியில இருந்துது, இல்லன்னு சொல்லல்ல. ஆனா உடைச்சது நிலைதான். நானே துணி வச்சுக் கெட்டினேன். விடிஞ்சதும் எட்வின் வந்து அவளைத் திருவட்டாருக்குக் கூட்டிட்டுப் போய்த் தையல் போட்டுக் கொண்டு வந்தான். அவன் என்கிட்ட ஒண்ணும் கேக்கல்ல. நல்ல பையன், நான்தான் அவனுக்கு எஸ்டேட்டுல வேலை வாங்கிக் குடுத்தேன்.

மறுநாள் ஆட்டம். காதுல சிரட்டையோடயே போய் இருந்தேன். சுகுமாரனை மட்டும் பாத்தேன். அவனுக்க கால் பெருவிரலைப் பாத்தேன். மடங்கியிருந்துது. முந்தின நாள் நேரா இருந்த விரலு சாரே. நான் கொட்டையை வச்சதும் கவுத்திட்டான். அடுத்த கையும் கவுத்தினான். அதுக்கு அடுத்ததும். ஒரே நாள்ல ஆளு படிஞ்சு போனான். பாத்தியளா, எனக்க கண்ணுக்கு அவ்வளவு பெலன். சிரட்டையைக் கழத்தி அவனுக்க காதுல நானே மாட்டினேன். அவன் தலையைக் காட்டித் தந்தான்.

அப்போ எட்வின் கையை நீட்டி, சுகுமாரன் கவுத்தின சீட்டைத் திருப்பிட்டான். மூணு பத்து.

எனக்கு முன்னால ஒம்பதும் ஆறும் மூணும் கிடந்துது.

'அத்தான், நல்லாப் பாருங்க. மூணு பத்தை வச்சுக்கிட்டு ஒருத்தன் கவுத்துவானா? நேத்து அந்திக்கு மரியசெல்வத்துக்க கதையை நான்தான் இவனுக்குச் சொன்னேன். இத்தனை வருசமா எல்லாவனும் ஒங்களுக்கு விட்டுத்தாறான். நானும் விட்டுத்தந்தேன். ஒங்களுக்குச் சீட்டு தெரியாது அத்தான். ஒங்களுக்கு அடிக்கத் தெரியும்.'

நான் சுகுமாரனைப் பாத்தேன். 'உண்மையாலே?'ன்னு கேட்டேன். 'இல்ல அண்ணா. பயந்து போச்சு'ன்னு சொன்னான். கேட்டியளா? பயந்து போனான். பயப்படுத்தினது ஆரு? நான். அப்போ அது எனக்க திறமைதானே? இதைச் சொன்னா எட்வினுக்கு விளங்கல்ல. பிளஸ் டூ படிச்சு என்ன பிரயோசனம்.

அவன் சீட்டை எல்லாம் வாரிக் கலைச்சான். எனக்கு மூணு, அவனுக்கு மூணு போட்டான். 'ஒரு கை. நீங்க ஜெயிச்சா நான் இனி வாயைத் திறக்கல்ல. நான் ஜெயிச்சா அக்கா எங்ககூட வில்லுக்குறிக்கு வருவா. அவளை நீங்க தேடி வரப்பிடாது.'

தேக்குமரம் மாதிரி இருந்தேன். அவனைப் படிச்சேன். எச்சில் முழுங்கினான், ஒண்ணுக்கு ரெண்டு தடவை. விரலு மடங்கியிருந்துது. சீட்டைப் பிடிச்ச கை நடுங்கிச்சு. பயத்துல அவனுக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு. பயப்படுதவன் கையில சீட்டு இருக்காது, அது என் கணக்கு. எனக்கு ஒரு ஜோடி ஒம்பது. கத்திய எடுத்து வச்சேன். அவன் கத்தியைப் பாத்தான். பாத்துட்டு, இருந்த கொட்டையை எல்லாம் தள்ளி, காட்டுங்கன்னு சொன்னான்.

அஞ்சு, ஆறு, ஏழு. வரிசை. வரிசைக்கு முன்னால ஜோடி நிக்காது, சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

நீங்களே சொல்லுங்க சாரே. அவன் பயந்தது உண்மை, நான் படிச்சதுல தப்பு இல்ல. பயந்தவன் கவுத்தணும்லா? கவுத்தாம இருக்கது கள்ளத்தனம் இல்லையா? நடுங்கிக்கிட்டே ஒருத்தன் ஆடினா பொறவு ஆட்டத்துக்கு என்ன சட்டம் இருக்கு?

ஷெட்டுல ரோலர் உண்டு. உறைஞ்ச பாலை ரெண்டு இரும்பு உருளைக்கு நடுவுல விட்டுக் கைப்பிடியைச் சுத்தினா அந்தப் பக்கம் ஷீட்டா வரும். நான் கேட்டேன், சீட்டுப் போட்ட கை எதுலேன்னு. வலது கைதான், எனக்குத் தெரியும். கழுத்தைப் பிடிச்சுக் கொண்டுபோய் விரலை உருளையில வச்சேன். ஒரு சுத்துதான் நான் சுத்தினது. ரெண்டாவது சுத்து தானா போச்சு, அந்த மிஷினுக்கு வெயிட்டு அப்படி. வக்கீல்கிட்டயும் இதைத்தான் சொன்னேன், அவரு எழுதிக்கிடல்ல. ஷீட்டு அடிக்கும்போது அடியில வெள்ளைத்தண்ணி ஒழுகும். அன்னைக்கு ஒழுகினது வேற. அவன் கத்தின கத்து மழைச் சத்தத்துக்கும் மேல கேட்டுது. சுகுமாரன் ஓடிவந்து கைப்பிடியைத் திருப்பிச் சுத்தி எடுத்துவிட்டான், காதுல சிரட்டை ஆடிக்கிட்டே. அப்பவும் அவன் அதைக் கழத்தல்ல. சட்டத்தை மதிக்கிறவன்.

மூணு விரலு போச்சு. பெருவிரலும் சுண்டுவிரலும் உண்டு. ஒரு ஆளுக்கு அது போதும்.

நான் நேரா வீட்டுக்குப் போனேன், கத்தி கையில. சண்டைக்கு இல்ல. எனக்கு ஒண்ணு தெரியணும். லில்லி அரிசி களைஞ்சுக்கிட்டிருந்தா. சட்டையில கிடந்த ரத்தத்தைப் பாத்தா. நான் கேட்டேன், 'லில்லி, நீ பொய் சொல்லாத. எனக்கு எல்லாவனும் விட்டுத்தாறானாம். உள்ளதாடி?'

அவ என்னையும் பாத்தா, கத்தியையும் பாத்தா. 'இல்ல. நீங்கதான் ஜெயிப்பிய. ஒங்களை மாதிரி ஆட ஆளு கிடையாது'ன்னு சொன்னா. அவ மொகத்துல ஒரு துளி பொய் கிடையாது சாரே. மொகம் அப்படியே வெள்ளையா இருந்துது. நான் இருந்து அழுதிட்டேன். உள்ளதைச் சொல்லுதேன், சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். பொண்டாட்டி ஒருத்தியாவது நம்மளை அறிஞ்சிருக்காளேன்னு.

பொறவு ஒரு கை ஆடுவோம்னு சொன்னேன். போட்டேன். அவ எடுத்துப் பாத்தா, கவுத்தினா. 'அடுப்புல தண்ணி கொதிக்குது, இன்னா வாறேன்'ன்னு சொல்லிட்டு எழும்பினா. நான் அடுத்த கைக்கு அவ வருவான்னு காத்துக்கிட்டு இருக்கேன், போலீஸு வந்திட்டு. அடுக்களைக் கதவு திறந்து கிடக்கு. அவ அந்த வழியா போயிட்டா, செருப்பு கூடப் போடல்ல.

அந்தப் போலீஸுக்காரன் ஒரு சின்னப் பயல். தரையில அவ கவுத்தின சீட்டைக் காலால புரட்டிப் பாத்தான். ரெண்டு ராஜாவும் ஒரு ஆஸும். எனக்கு முன்னால ராணி கூடக் கிடையாது. அவன் என்னைப் பாத்துச் சிரிச்சான். அவனுக்கு என்ன தெரியும்? பொம்பளைக்கு ராஜா எது ராணி எதுன்னு மதிப்பு தெரியாது. அதான் சொன்னேன்லா, அவளுக்குச் சீட்டு வராது.

தக்கலை வந்தாச்சு. எதுக்கு எழும்புதிய? இருங்க. நாகர்கோவிலுக்குத்தானேன்னு நான் முன்னமே சொன்னேன்லா. டிக்கெட்டு தக்கலைக்கா? எங்க பாப்போம். ஆமா, தக்கலைன்னுதான் போட்டிருக்கு. கண்டக்டருக்குத் தப்பியிருக்கும். மிச்சத்துக்கு நான் எடுக்கேன், நீங்க இருங்க. செருப்பைப் பொறவு போடலாம். போனையும் உள்ள வைங்க, ஒருத்தன் பேசும்போது போனை நோண்டப்பிடாது.

ஜாமீன்ல வந்திருக்கேன். வில்லுக்குறிப் பக்கமே போகப்பிடாதுன்னு கோர்ட்டுல சொல்லியிருக்காவ. கோர்ட்டுக்குச் சீட்டு தெரியுமா? இது எங்களுக்குள்ள உள்ள காரியம். நான் போய் முற்றத்துல நிப்பேன். லில்லியைக் கூப்பிடுவேன். எட்வின் ஆடட்டும்னா அவனுக்குச் சீட்டுப் பிடிக்கக் கை இல்ல, அவ வந்துதான் ஆகணும். ஒரு கை. அவ ஜெயிச்சா நான் திரும்பிப் போயிருவேன், கர்த்தர்மேல சத்தியம். நான் ஜெயிச்சா அவ என்கூட பஸ்ஸு ஏறணும். இதைவிட நியாயம் உண்டா? அவ இன்னைக்கு வரை ஒரு கை ஜெயிச்சது கிடையாது சாரே.

வில்லுக்குறிக்கு இன்னும் கொஞ்சம் தூரம் கிடக்கு. இந்தாங்க, பையைத் தட்டையா வைங்க. கை படியணும்லா, ஒரு கை ஆடுவோம். எனக்கு மூணு, ஒங்களுக்கு மூணு. கொட்டை வேண்டாம், சும்மா. எடுங்க.

என்ன சாரே, எடுத்துப் பாக்கல்லியே. பாக்காமலே தள்ளிட்டிய.

பாத்தியளா? இதுதான். நான் ஒங்களை ஒண்ணும் செய்யல்ல, தொடக்கூட இல்ல, சும்மா பேசிக்கிட்டு வந்தேன். நீங்களே கவுத்திட்டிய. இப்போ எட்வின் இங்க இருந்திருக்கணும், அவனுக்குக் காட்டியிருப்பேன். இதுல என்ன கிடக்குன்னு ஒண்ணு திருப்பிப் பாக்கட்டா? ஒரே ஒரு தடவை. ஒங்க சீட்டுதானே, ஒங்களுக்கும் அறியணும்னு இருக்கும்லா.

இல்ல. வேண்டாம். கவுந்தது கவுந்ததாவே இருக்கட்டும்.

ஒங்க கை வேர்த்துத் தண்ணியா இருக்கு, சீட்டு நனஞ்சு போச்சு. வேட்டியில துடைச்சுக்கிடுதேன். அதோ வில்லுக்குறி வளைவு வந்தாச்சு, கண்டக்டருக்கு ஒரு குரல் குடுங்க. அவ கவுத்தாம இருந்தா என்ன செய்வியன்னுதானே கேக்க வாறிய? கவுத்துவா சாரே. எனக்கு அவளைத் தெரியாதா? அந்தப் பொதியை மட்டும் எடுத்துத் தாங்க. அந்த ஓரமாப் பிடிக்காதீங்க, நல்ல கூரு உண்டு.